உறைய… வில்லை: மருத்துவத் தரவுச் செய்தியில் நீண்ட உரையை எங்கே வெட்டுவது?

மல்லாவிப் பக்கம் வயலில் நின்ற ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆதார வைத்தியசாலையில் அவருடைய இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு குழாயைச் சரித்துப் பார்க்கிறார்கள். இரத்தம் கட்டியாகாமல் தண்ணீர்போல ஓடுகிறது. கண்ணாடி விரியனாக இருக்கலாம். பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் குறிப்பில் ஒரு வரி: “20 நிமிட இரத்த உறைவுச் சோதனையில் இரத்தம் உறையவில்லை.”

இந்த வரியைக் கணினி கொண்டுபோகிறது. வாங்கும் பக்கம் ஒரு வரிக்கு 45 குறிக்கு மேல் ஏற்காது என்று யாரோ சொன்னதால், இடையில் இருக்கும் சிறு நிரல் 45ஆவது குறியில் வெட்டுகிறது. முதல் துண்டு “இரத்தம் உறைய” என்று முடிகிறது. அடுத்த துண்டு “வில்லை” என்று தொடங்குகிறது. பள்ளியில் பௌதிகவியல் படித்தவருக்கு வில்லை என்றால் கண்ணாடி வில்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் நிற்பவருக்கு அது குளிசையாகவும் படலாம்.

நோயாளி கற்பனை, கணக்கு கற்பனையல்ல. மேலே உள்ள வரியில் இடைவெளிகளையும் சேர்த்து, உயிர்க்குறியையும் புள்ளியையும் கணினி எண்ணுவதுபோலத் தனித்தனியாக எண்ணினால் 45 அங்கேதான் விழும். நீண்ட உரையைத் துண்டாக்கும் நிரலை எழுதுவது அரை நாள் வேலை என்று பொதுவாக நினைக்கிறார்கள். எழுதுவது அரை நாள்தான். எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது, வெட்டியதை மறுபக்கம் எப்படி ஒட்டும் என்ற கேள்விகளுக்கு அந்த அரை நாளில் இடமில்லை. வன்னியின் மூன்று மாவட்டங்களை மனதில் வைத்து அந்தக் கேள்விகளைப் பார்ப்பதே இக்கட்டுரை.

கொப்பியும் ரிக்கெற்றும்

வன்னியில் ஒரு நோயாளியின் கதை ஒரே கட்டடத்தில் முடிவதில்லை. மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள். அதற்கு மேல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். நோயாளி போகும்போது கதையும் கூடவே போக வேண்டும். இதுவரை அது போன வழி கடதாசிதான்: விடுதியில் கட்டில் தலைமாட்டு ரிக்கெற், வீட்டுக்குப் போகும்போது நோய் நிர்ணய அட்டை, மாதாமாதம் கிளினிக் கொப்பி. கொப்பி நோயாளியின் கையில் இருக்கும். மழையில் நனையும், அட்டை கிழியும். ஆனால் நடு வரியில் தானாக அறுபடாது. எழுத இடம் போதாவிட்டால் வைத்தியர் ஓரத்தில் எழுதுவார், அம்புக்குறி போட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். கணினிக்கு ஓரம் இல்லை.

இந்த மண்ணில் சுதந்திர உரைக்கு, அதாவது கட்டம் போட்ட கேள்விக்குள் அடங்காத வாக்கியங்களுக்கு, வேறெங்கும் இல்லாத பாரம் உண்டு. 2009இல், போரின் கடைசி மாதங்களில், வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்தன. ஏடுகள் எரிந்தன, தொலைந்தன. பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாகக் காயக்காரர்களையும் அவர்களுடன் வந்தவர்களையும் ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றது. அவர்களில் பலரின் உடலில் ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. உலோகத் துண்டு உடலுக்குள் இருக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்புமுன் தெரிந்தே ஆக வேண்டிய செய்தி; காந்தப் புலத்தில் துண்டு நகர்ந்தால் கண்ணும் நரம்பும் போகலாம். அந்தச் செய்தி எந்தக் கட்டத்தில் இருக்கும்? பெரும்பாலும் “பழைய வரலாறு” என்ற நீண்ட உரையின் கடைசி வரிகளில். வெட்டுக் கத்தி முதலில் விழும் இடமும் அதுதான்.

வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அந்த நோயாளியின் கிளினிக் குறிப்பு ஆண்டுக்கணக்கில் நீளும்: எந்தக் கிணற்றுத் தண்ணீர், எத்தனை வருடம் எங்கே விவசாயம், எந்த மருந்து எப்போது நிறுத்தப்பட்டது. எண்கள் தனிக் கட்டத்துக்குள் அடங்கும். காரணத்தைத் தேடுபவருக்கு வேண்டியதோ வாக்கியம்.

குழாய்க்கோட்டு மொழி

வைத்தியசாலைக் கணினிகள் தமக்குள் பேசும் மொழிகளில் பழையதும் இன்னும் அதிகம் ஓடுவதும் எச்எல்7இன் இரண்டாம் பதிப்பு. 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய முயற்சி. ஒரு செய்தி என்பது பல வரிகள். ஒவ்வொரு வரியும் மூன்றெழுத்துப் பெயரோடு தொடங்கும் ஒரு துண்டம். துண்டத்துக்குள் புலங்களை | என்ற நிமிர்ந்த கோடு பிரிக்கிறது. புலத்துக்குள் கூறுகளை ^ பிரிக்கும், உட்கூறுகளை & பிரிக்கும், ஒரே புலம் மறுபடி வந்தால் ~ இடையில் நிற்கும். வரி முடிவுக்கு பழைய தட்டச்சுப் பொறியின் கரியேஜ் ரிட்டர்ன். பிஐடி துண்டத்தில் நோயாளியின் பெயர், முகவரி. ஓபிஎக்ஸ் துண்டத்தின் ஐந்தாம் புலத்தில் சோதனை முடிவோ கதிரியக்க அறிக்கையோ. என்டிஈ துண்டத்தில் குறிப்புரை.

நீண்ட உரைக்கு இந்த அமைப்பு முதலில் வைக்கும் கண்ணி, நீளமே அல்ல. வைத்தியர் அறிக்கையில் எண்டர் விசையைத் தட்டியிருப்பார். அந்தத் தட்டலை அப்படியே புலத்துக்குள் விட்டால், வாங்கும் கணினி அங்கே துண்டம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த வரியின் முதல் மூன்று எழுத்தை ஒரு துண்டத்தின் பெயராக வாசிக்கும். அப்படி ஒரு பெயர் இல்லை என்று செய்தியையே திருப்பி அனுப்பும், அல்லது வரியைச் சத்தமில்லாமல் தூக்கி எறியும். திருப்பி அனுப்புவது நல்ல நாள். இதற்காகவே பின்சாய்கோட்டோடு எழுதும் மாற்றுக் குறிகள் உண்டு: புதுவரிக்கு ஒன்று, உரைக்குள் வரும் | குறிக்கு ஒன்று, &க்கு ஒன்று. ஒவ்வொன்றும் பின்சாய்கோட்டில் தொடங்கிப் பின்சாய்கோட்டில் முடியும். நிரல் இந்த மாற்றுக் குறியின் நடுவில் வெட்டினால் இரு துண்டும் கெடும். ஆகவே வேலையின் ஒழுங்கு மாறக் கூடாது: மாற்றுக் குறிகளை முதலில் உண்மை எழுத்தாக அவிழ்க்க வேண்டும், பிறகு வெட்ட வேண்டும், அதற்குப் பிறகே ஒவ்வொரு துண்டையும் மீண்டும் மாற்றுக் குறியிட வேண்டும். கட்டிய சேலையை வெட்டித் தைக்க முடியாது; அவிழ்த்துத்தான் வெட்ட வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. யூனிகோட் பரவுமுன் இலங்கைத் தமிழ் அலுவலகங்களில் ஆட்சி செய்தது பாமினி எழுத்துரு. இன்னும் பல மேசைகளில் அது இறங்கவில்லை. பாமினியில் தட்டிய உரை கணினிக்குத் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தமிழ் முகமூடி போட்டது மட்டும்தான். ^, & போன்ற குறிகளின் இடத்தில் சில ஊகார உயிர்மெய்கள் உட்கார்ந்திருக்கும். அந்த உரையை அப்படியே எடுத்து ஒரு செய்திப் புலத்தில் ஒட்டினால், ஒரு நெடில் எழுத்து வரும் இடத்தில் முகவரி இரண்டு கூறாகப் பிளக்கும். எந்த நிரலும் வெட்டாமலே வெட்டு விழும். இலங்கைத் தர நிறுவனம் தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கு 1326 என்ற எண்ணில் 2008இல் தரம் வெளியிட்டுவிட்டது. தரம் வந்தது, பழைய ஆவணம் மாறவில்லை.

எழுத்து எத்தனை, பைட் எத்தனை

“இந்தப் புலத்தில் 100 எழுத்துதான்” என்று ஒரு முறைமையின் கையேடு சொன்னால், எதன் எழுத்து என்று கேட்க வேண்டும். முல்லைத்தீவு என்ற சொல்லில் தமிழ் ஆசிரியர் எண்ணினால் ஆறு எழுத்து. யூனிகோட் எண்ணினால் 12 குறி. யூடிஎஃப்-8 முறையில் வட்டில் சேமித்தால் 36 பைட், ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்து, 10 குறி, 10 பைட்; எப்படி எண்ணினாலும் ஒன்றே. எச்எல்7ஐ எழுதியவர்களுக்கு இந்த மூன்றும் வேறுவேறு என்ற சந்தேகமே வரவேண்டிய தேவை இருக்கவில்லை. கிளிநொச்சி ஐந்தெழுத்து, 10 குறி, 30 பைட். வவுனியா நான்கெழுத்து, ஏழு குறி, 21 பைட். புதுக்குடியிருப்பு ஒன்பதெழுத்து, 18 குறி, 54 பைட்.

1997இல் வந்த 2.3ஆம் பதிப்பு நோயாளியின் பெயருக்கு 48, முகவரிக்கு 106 என்று நீளம் வைத்தது. தரம் எழுத்தையே சொன்னது. அதைப் பார்த்துத் தரவுத்தளம் கட்டியவர்கள் பலர் பைட்டை எண்ணினார்கள். “2ஆம் வட்டாரம், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு” என்பது எந்தத் தபால்காரருக்கும் குறுகிய முகவரிதான். 47 குறி. பைட்டில் 129. 106 பைட்டில் நறுக்கினால் மாவட்டத்தின் பெயரில் “முல்” மட்டும் நிற்கும். அதற்குப் பிறகு மூன்று பைட்டில் ஒரு பைட் மட்டும் மீந்த அடுத்த எழுத்து, திரையில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரியும். சில முறைமைகள் அந்தப் பாதி எழுத்தைக் கண்டதும் முழுச் செய்தியையும் நிராகரிக்கும். இடப்பெயர்வுக்குப் பிறகு ஒருவருக்கு நிரந்தர முகவரி ஒன்று, மீள்குடியேறிய முகவரி இன்னொன்று, கோயிலுக்குப் பின்னால் என்ற அடையாளம் வேறு. வன்னி முகவரி நீளமானது என்பது சோம்பலால் அல்ல.

தரவுத்தளங்களின் எல்லைகளையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். ஒராக்கிளின் வழமையான உரைப் பத்தி 4000 பைட் வரை. ஆங்கில அறிக்கைக்கு அது இரண்டு பக்கத்தை நெருங்கும். தமிழுக்கு 1333 குறி. ஆசிரியர் எண்ணும் எழுத்தில் அதன் பாதியைச் சற்றுத் தாண்டும்.

பைட்டில் வெட்டும் பிழை வெளியே தெரிந்துவிடும். குறியில் வெட்டும் பிழை நாகரிகமானது, ஆகவே ஆபத்தானது. கிளிநொச்சியை ஐந்தாம் குறியில் வெட்டினால் முதல் துண்டு “கிளிந”. அடுத்த துண்டு உடலில்லாத ஒகரக் குறியோடு தொடங்கும். திரையில் ஒரு புள்ளி வட்டத்தின் இருபுறமும் கொம்பும் காலும் நிற்கும். நிரலைப் பொறுத்தவரை எல்லாம் சரி. எந்த எச்சரிக்கையும் வராது. இதைத் தடுக்கப் பெரிய நூலகம் எதுவும் தேவையில்லை. தமிழ் யூனிகோட்டில் உயிர்க்குறி 11, புள்ளி 1, ஔகாரத்தின் நீட்டக் குறி 1. இந்த 13இல் எதுவும் ஒரு துண்டின் முதல் குறியாக வரக் கூடாது. வந்தால் வெட்டை ஒரு குறி பின்னுக்கு நகர்த்திவிட்டு மறுபடி பார். இரண்டு வரி நிரல். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பைதனிலும் பிஎச்பியிலும் ஒரே மாதிரி எழுதலாம். பிஎச்பியில் மட்டும் சாதாரண நீளக் கணக்கு பைட்டை எண்ணும் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் இந்த விதியை முழுதாகக் கடைப்பிடித்த நிரலும் “உறைய / வில்லை” என்று வெட்டும். ய முழு எழுத்து, வி முழு எழுத்து. எழுத்து தப்பிவிட்டது, சொல் செத்துவிட்டது.

வெட்டும் முறைகள்

நடைமுறையில் இருக்கும் முறைகளில் மட்டமானது நிலையான நீளத்தில் நறுக்குவது. அதைப் பற்றி மேலே போதிய அளவு சொல்லியாயிற்று. அதற்கு அடுத்து, இடைவெளி பார்த்துச் சொல் முடிவில் வெட்டுவது. இங்கே ஒரு பொறி. ஜாவாஸ்கிரிப்ட்டின் கோலத்தேடலில் சொல் எல்லையைக் காட்டும் சுருக்கக் குறி இலத்தீன் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கருதும். தமிழ் எழுத்து அதன் கண்ணில் நிறுத்தக்குறிக்குச் சமம். ஆங்கில உரையில் சோதித்து வெற்றி கண்ட சொல்மடிப்பு நிரல், தமிழ் உரை வந்ததும் எல்லையே கிடைக்காமல் விழிக்கும். அல்லது முழு உரையையும் ஒரே துண்டாக விழுங்கும். இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் நேராகத் தேடுவதே பாதுகாப்பு. தமிழில் சொற்கள் சேர்ந்து நீளும் என்பதால், எல்லைக்குள் இடைவெளியே அகப்படாத நேரமும் வரும். அப்போது மட்டும் எழுத்து எல்லைக்கு இறங்கலாம்.

சொல் முடிவில் வெட்டினால் போதுமா? “காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை இல்லை” என்ற குறிப்பைப் பாருங்கள். மூச்சுத்திணறலுக்குப் பிறகு, ஒழுங்காகச் சொல் முடிவில், வெட்டு விழுகிறது. முதல் துண்டை மட்டும் பார்க்கும் வைத்தியருக்கு நோயாளியிடம் மூன்று அறிகுறியும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் தலையில் நிற்கும். தமிழில் வாலில் நிற்கும். பெரும்பாலான வெட்டுகள் வாலைத்தான் இழக்கின்றன. ஆகவே ஒரே நிரல், ஒரே நீளம், ஒரே பிழை, ஆனாலும் தமிழ்க் குறிப்பு பொருள் தலைகீழாகும் வாய்ப்பு கூடுதல்.

ஆங்கிலம் தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரே சோதனைக் குறியீட்டோடு பல ஓபிஎக்ஸ் வந்தால், ஒவ்வொன்றும் முந்தியதன் திருத்தம் என்று எண்ணிக் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும் முறைமைகள் உண்டு. அங்கே தலை போய் வால் நிற்கும். மறுப்பை முதல் துண்டில் விட்டுவிட்டு, இருமலும் மூச்சுத்திணறலும் தனியே திரையில் நிற்கும். வன்னி வைத்தியசாலைகளில் மருத்துவக் குறிப்பு ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது என்பதால் தமிழ்ப் பிரச்சினை நமக்கு இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. குறிப்பு ஆங்கிலம்தான். பெயர், முகவரி, நோயாளி சொன்ன சொல், வீட்டுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தல், குடும்பநல உத்தியோகத்தரின் பதிவு ஆகியவை தமிழுக்கு வந்துகொண்டிருக்கின்றன. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது 1988இன் பதினாறாம் திருத்தத்திலிருந்து அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டிலேயே, மானிப்பாயில் அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களையும் தமிழாக்கினார். மருத்துவம் தமிழில் எழுத வராது என்ற வாதம் அப்போதே காலாவதி.

வாக்கிய எல்லையில் வெட்டுவது சொல் எல்லையைவிடப் பல மடங்கு நல்லது. முற்றுப்புள்ளி மட்டும் போதாது. மருந்தளவில் வரும் தசமப் புள்ளியும் “வைத்.” போன்ற சுருக்கமும் ஏமாற்றும், ஆகவே புள்ளிக்குப் பின் இடைவெளி, அதற்கு முன் இலக்கமோ சுருக்கமோ இல்லை என்று பார்க்க வேண்டும். வைத்தியர்கள் முற்றுப்புள்ளியே போடாமல் வரிவரியாக எழுதுவதும் வழக்கம். அங்கே அவர்கள் தட்டிய புதுவரியே வாக்கிய முடிவு. அதை அழித்து எல்லாவற்றையும் ஒரே பத்தியாக்கி, பிறகு நாமே வெட்டுவது, சிரட்டையில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிணறு தோண்டுவது.

இதற்கும் மேல் நிற்பது பொருளால் பிரிப்பது: முறைப்பாடு, வரலாறு, பரிசோதனையில் கண்டது, திட்டம் என்று ஒவ்வொன்றையும் தனிக் குறியீட்டோடு தனி ஓபிஎக்ஸாக அனுப்புவது. அப்போது ஒரு துண்டு தொலைந்தாலும் எது தொலைந்தது என்றாவது தெரியும். ஆனால் இதை நிரல் செய்ய முடியாது. எழுதும் திரை செய்ய வேண்டும். எழுதியபின் பொருளைத் தேடிப் பிரிக்கும் நிரல்களை நான் நம்புவதில்லை. “வரலாறு” என்ற சொல்லைத் தேடி வெட்டும் நிரல், “குடும்ப வரலாறு” என்ற தலைப்பைக் கண்டதும் குழம்பிவிடும்.

வெட்டாமலே அனுப்பும் வழிகளும் தரத்துக்குள் இருக்கின்றன. உரைத் தரவு வகை 64 கிலோபைட் அளவுக்கு நீளலாம். ஒரு துண்டம் போதாவிட்டால் அதன் தொடர்ச்சி என்று சொல்லும் தனித் துண்டமும், செய்தியே போதாவிட்டால் அடுத்த செய்திக்குச் சுட்டும் துண்டமும் உண்டு. முழு அறிக்கையையும் பிடிஎஃப் ஆக்கி ஒரே புலத்தில் பொதிந்தும் அனுப்பலாம். தொடர்ச்சித் துண்டத்தைப் புரிந்துகொள்ளும் முறைமையைக் காண்பது அரிது; பிடிஎஃப் அழகாகத் தெரியும், ஆனால் அதற்குள் ஷெல் துண்டு என்று தேடிக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே வேலை கடைசியில் மீண்டும் வெட்டும் நிரலுக்கே வருகிறது.

அந்த நிரல் வழக்கமாக உட்காரும் இடம் இரு முறைமைகளுக்கு நடுவிலுள்ள இணைப்பு மென்பொருள். அதில் பிரபலமானது மிர்த் கனெக்ட்; உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் எழுதிச் செய்தியை மாற்றலாம். அது ஓடும் ரைனோ என்ற பழைய பொறியில் இன்றைய உலாவிகளிலுள்ள எழுத்து எல்லை காணும் வசதிகள் இல்லை. அடியில் ஜாவா இருப்பதால் அதன் நூலகங்களை நிரலிலிருந்து அழைக்கலாம். பல ஆண்டு திறந்த மூலமாக இருந்த அதன் புதிய பதிப்புகளை 2025இல் அதன் உரிமை நிறுவனம் மூடியது. உரிமப் பணம் கட்ட முடியாத வைத்தியசாலைகள் பழைய பதிப்பிலோ, அதிலிருந்து கிளைத்த சமூகத் திட்டங்களிலோ நிற்க வேண்டும். எழுதும் நிரல் ஒரு பொருளோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது நல்லது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

எஸ்எம்எஸ்ஸிடம் கற்க வேண்டியது

உரையை வெட்டி அனுப்பிப் பத்திரமாக ஒட்டும் கலையை மருத்துவக் கணினி உலகம் தன் காலடியிலேயே வைத்திருக்கிறது. ஆய்வுகூட இயந்திரங்கள் பலவும் இன்னும் பேசும் பழைய ஏஎஸ்டிஎம் முறையில் ஒரு சட்டத்துக்குள் 240 எழுத்துதான் போகும். நீளமான பதிவு பல சட்டங்களாகும். நடுச் சட்டம் ஒரு குறியோடு முடியும், கடைசிச் சட்டம் வேறொரு குறியோடு முடியும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், சரிபார்ப்புத் தொகை. இன்னும் வர இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று வாங்குபவருக்கு ஐயமே வராது.

கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியும் அப்படித்தான். ஒரு எஸ்எம்எஸ் 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழில் 70 குறி. கிளினிக் திகதியை நினைவூட்டும் தமிழ்ச் செய்தி அநேகமாக இரண்டு, மூன்று துண்டாகப் போகிறது. போனில் ஒன்றாகத்தான் தெரிகிறது. காரணம், ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஆறு பைட்: இது எந்தச் செய்தி, மொத்தம் எத்தனை துண்டு, இது எத்தனையாவது. அந்த ஆறு பைட்டுக்காக ஒரு துண்டில் 70 குறி 67ஆகக் குறைகிறது. மூன்று குறியை விட்டுக்கொடுத்து முழுச் செய்தியையும் காப்பாற்றும் பேரம்.

ஓபிஎக்ஸ் துண்டத்தில் வரிசை எண் உண்டு; ஒரே முடிவின் பகுதிகளைச் சேர்க்க உபஎண்ணும் உண்டு. “மொத்தம் எத்தனை” என்பதற்கு இடமில்லை. மூன்று துண்டில் மூன்றாவது தொலைந்தால் முதல் இரண்டும் முழுமையான அறிக்கை போலவே காட்சி தரும். ஆகவே நிரல் எழுதுபவர் அந்த எண்ணைத் தானே சேர்க்க வேண்டும். துண்டின் முடிவில் “1/3”, “2/3” என்று மனிதக் கண்ணுக்கும் தெரியும்படி எழுதுவது சற்று அசிங்கம். ஆனால் நடு இரவில் விடுதியில் நிற்கும் வைத்தியருக்கு அந்த அசிங்கம் உதவும்.

2.7ஆம் பதிப்பில் எச்எல்7 ஒரு நேர்மையான காரியம் செய்தது. பெரும்பாலான நீளக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, வெட்டப்பட்ட புலத்தின் முடிவில் # என்ற அடையாளத்தை வைக்கலாம் என்றது. இங்கே உரை முடியவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று ஒப்புக்கொள்ளும் குறி. 2.3இலும் 2.5இலும் நின்றுவிட்ட முறைமைகளுக்கு அதன் பொருள் தெரியாது. பின்னால் வந்த எச்எல்7இன் ஃபயர் (FHIR) தரத்தில் ஒரு சாதாரண உரைச் சரமே பத்து இலட்சம் எழுத்தைத் தாண்டலாம். அங்கே வெட்டும் தேவை ஏறத்தாழ இல்லை. ஆனால் ஃபயர் கதவுக்குப் பின்னால் அதே பழைய 4000 பைட் பத்தி இருந்தால், வெட்டு கதவைத் தாண்டி உள்ளே நடக்கும், அவ்வளவுதான்.

இங்கே யார் செய்வது

இலங்கையில் மருத்துவத் தகவலியல் புதிதல்ல. கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் வைத்தியர்களுக்கான உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணி பல ஆண்டுகளாக நடக்கிறது. 2016இல் சுகாதார அமைச்சு மின்சுகாதார வழிகாட்டிகளையும் தரங்களையும் வெளியிட்டது. 2020 தொடக்கத்தில், உலகம் கொவிட்டைச் சரியாக உச்சரிக்கப் பழகுமுன்னே, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் பிறந்த டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளை விமான நிலையப் பயணிகளைக் கண்காணிக்க இலங்கைக் குழு திருப்பியமைத்தது. பிற நாடுகள் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டன. அந்த வெற்றியின் பின்னால் இருந்தவை பெரும்பாலும் தெரிவுப் பட்டியல்களும் திகதிகளும் எண்களும். நீண்ட உரை அங்கே விருந்தாளிதான். வைத்தியசாலைக்குள் நிலைமை வேறு, உரைதான் வீட்டுக்காரர்.

இந்த வேலைக்கான கைகள் வன்னியிலேயே இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவருக்கு முகம் அடையாளம் காணும் செயலியைவிட, இரு முறைமைகளுக்கு நடுவில் உரையைச் சேதமில்லாமல் கடத்தும் 200 வரி நிரல் கடினமானது, பயனும் கூடியது. பார்த்துக் கைதட்ட ஒன்றும் இருக்காது என்பது உண்மை.

அப்படி யாராவது எழுதினால் சோதிக்கும் வழி எளிது. வெட்டிய துண்டுகளை ஒட்டி மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு பைட் மாறினாலும் நிரல் தோல்வி. சோதனை உரை ஆங்கிலப் பாடநூல் வாக்கியமாக இருக்கக் கூடாது. புதுக்குடியிருப்பு முகவரி ஒன்று; இடையில் எண்டர் தட்டிய வரலாறு ஒன்று; & குறியும் பின்சாய்கோடும் வரும் குறிப்பு ஒன்று; “ஆகியவை இல்லை” என்று முடியும் நீண்ட பட்டியல் ஒன்று; யாரோ பாமினியில் தட்டிய பழைய பெயர் ஒன்று. “ஸ்ரீ” என்று தொடங்கும் பெயரும் வேண்டும்: தமிழில் அது நான்கு குறி, ஸ் முடிந்த இடத்தில் வெட்டினால் மேலே சொன்ன 13 குறி விதி தடுக்காது, எழுத்து மட்டும் இரண்டாகும். வெலிஓயா என்றும் மணலாறு என்றும் அழைக்கப்படும் பகுதியிலிருந்து ஒரு சிங்கள முகவரியையும் சேர்க்கலாம். சிங்களத்தில் அதே “ஸ்ரீ” ஐந்து குறி, நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று. உரையைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் காணாக் குறியை நீக்கும் நிரல்கள் ஏராளம். நீக்கிய உடனே எழுத்து வேறு உருவத்தில் தெரியும், பதிவேட்டில் பெயரைத் தேடினால் ஆள் இல்லை என்று வரும்.